முன்னால் இருக்கும் முதுகு

என் ஓரகத்தியின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு மச்சம் உண்டு. அந்த மச்சத்தில் ஒரே ஒரு முடி. அவள் புருஷனுக்குக்கூட அந்த முடியைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வியர்த்தால் அது எந்தப் பக்கம் படியும், காற்றடித்தால் எப்படி எழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காரணம், துறைமுகத்தில் எங்கள் படகின் முதல் பலகையில் அவள் உட்காருகிறாள், இரண்டாம் பலகையில் நான். துடுப்பு போடுகிறவர்கள் எல்லோரும் படகின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கடல், வானம், பறவை என்று கற்பனை பண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முன்னால் இருப்பவளின் முதுகுதான் காட்சி. அது குனிந்தால் நாமும் குனிய வேண்டும், சாய்ந்தால் சாய வேண்டும். பார்க்கவே பிடிக்காத முதுகாக இருந்தாலும் அப்படித்தான்.

அசிங்கம் எனக்குப் புதிதல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நான் மேற்பார்வையாளர். மனித உடம்பிலிருந்து என்னென்ன வெளியே வர முடியுமோ அத்தனையும் வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டு என்னிடம்தான் வந்து சேர்கிறது. அதைப் பார்த்து நான் மூக்கைப் பொத்துவதில்லை. ஆனால் அந்தப் படகு என்னையே குமட்ட வைத்தது. அடியில் எந்நேரமும் பாதம் முழுகத் தண்ணீர் நிற்கும். அதில் டீசல் மினுங்கும், மீன் செதிள் மிதக்கும், யார் விரலிலிருந்தோ கழன்ற பிளாஸ்திரி ஒன்று சுற்றிச் சுற்றி வந்து என் கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும். உதறினால் போகும், அடுத்த திருப்பத்தில் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது அந்தக் கொழுப்பு டப்பா. படகின் விளிம்பில் இரண்டு மர முளைகளுக்கு நடுவில்தான் துடுப்பு உட்காரும். உரசும் இடத்தில் துடுப்பைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அதில் கொழுப்பு தடவாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் கீச்சிடும், தோலும் தேய்ந்துவிடும். அதற்காக ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய மாட்டுக் கொழுப்பு. வெயிலில் உருகி, ராத்திரியில் உறைந்து, மறுபடி உருகி, காறிப்போய், மேலே ஈக்கள் பதிந்து கிடக்கும். அதை வெறுங்கையால்தான் எடுத்துத் தடவ வேண்டும் என்பது படகுக் கொட்டகையின் சட்டம். துணியால் தடவினால் நூல் ஒட்டுமாம், குச்சியால் தடவினால் மணல் கலக்குமாம். இந்த வேலையை யார் தலையில் கட்டுவது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஓரகத்தி சேர்ந்த கொஞ்ச நாளில் "குடுங்க, நான் தடவறேன்" என்று தானாகவே முன்வந்தாள். வாரத்துக்கு ஒரு நகச்சாயம் பூசுகிறவள். நல்ல பெயர் வாங்குவதற்காக அதில் கையை விடுகிறாள் என்று நினைத்து எனக்கு அவள்மேல் இன்னும் கொஞ்சம் வெறுப்பு கூடியது.

வீட்டிலும் இவள்தான். என் புருஷன் மூத்தவர், அவள் புருஷன் இளையவர். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. சமையலறை ஒன்று, வாஷிங் மெஷின் ஒன்று, துணி காயப்போடும் கொடி ஒன்று. குளியலறைச் சல்லடையில் நீளமான முடி அடைத்துக்கொண்டிருந்தால் அது அவளுடையது, குனிந்து எடுக்கும் கை என்னுடையது. சோப்பில் ஒட்டியிருந்தாலும் அப்படியே. படகு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அந்தப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டால் சாவி எங்கே, மாத்திரை எங்கே, என் நீலச் சட்டை எங்கே என்று ஒருத்தரும் கூப்பிட முடியாது. தண்ணீருக்கு நடுவில் இரண்டு முழம் மரம், அவ்வளவுதான் கேட்டேன். என் புருஷன் சாப்பிடும்போது அதைப் பெருமையாக எடுத்துவிட, அடுத்த வாரமே "அக்கா, நானும் வரேனே" என்று துறைமுகத்தில் வந்து நின்றாள்.

அவளுக்கு ஒரு ஜிம்மில் வரவேற்பு மேசையில் வேலை. ஆளில்லாத நேரத்தில் அங்கிருக்கும் துடுப்பு மெஷினில் உட்கார்ந்து இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் தேக்குக் கட்டையாக இருந்தன. எங்களுக்குச் சுக்கான் பிடித்து உத்தரவு போடுகிறவள் டயர்க்கடைக்காரி. லாரி டயர் விற்பவள். கடை வாசலில் நின்று தெருக்கோடியில் இருக்கும் பையனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அந்தத் தோளைப் பார்த்த மாத்திரத்தில் முதல் பலகையை அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். முதல் பலகைக்காரி வைப்பதுதான் தாளம், மற்ற மூன்று பேரும் அவள் பின்னால் போக வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

மூன்றாம் பலகையில் பல் டாக்டர், நான்காவதில் பஸ் டிரைவர். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் என்பதால் அவர்களை எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். டாக்டர் பெருமூச்சு விடுவார், டிரைவர் முணுமுணுப்பார்.

துடுப்புப் போடுவது என்றால் கைவேலை என்றுதான் சேருகிற எல்லோரும் நினைக்கிறோம். டயர்க்கடைக்காரி அதை எங்கள் மண்டையிலிருந்து பிடுங்கி எறிய நாள் தவறாமல் பாடுபட்டாள்.

"இது ஜிம் மெஷின் இல்லம்மா, சீட்டு ஓடாது. பலகை ஒரே இடத்துல நிக்கும், நீயும் அதே இடத்துல நிக்கணும். இடுப்புலேர்ந்து குனி. முதுகைக் கூன் போடாத. கையை நீட்டிட்டு அப்படியே மறந்துடு. துடுப்பு தண்ணியில இறங்கின உடனே கால்கட்டையை உதைச்சுக்கிட்டுத் துடுப்புல தொங்கு. தொங்கணும்! உன் பாரம் பலகையில இருக்கவே கூடாது. பின்னாடி சாஞ்சு முடிக்கும்போதுதான் கை மடங்கணும்."

"பலகையில உக்காந்துக்கிட்டே எப்படிங்க உக்காராம இருக்கறது?" என்று டாக்டர் கேட்டார்.

"நாற்காலியிலேர்ந்து எழுந்திருப்பீங்கல்ல டாக்டரம்மா, அப்போ பின்பக்கம் லேசாகும், ஆனா இன்னும் எழுந்திருச்சிருக்க மாட்டீங்க. அந்த இடம். அங்கேயே நில்லுங்க."

எங்களுக்குப் புரியவில்லை. குனிந்தோம், இழுத்தோம், மூச்சு வாங்கினோம். பாரம் பூராவும் பலகையில்தான் இருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய படகு அதை முட்டிக்கொண்டு போனது.

எனக்கென்று தனியாக ஒரு கோளாறும் இருந்தது. சலவை மெஷினிலிருந்து ஈர விரிப்பை உருவி, இழுத்து, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டி ஓர் உதறு உதறுவோம். சுருக்கம் போவதற்கு. நான் அந்த வேலையில் மேலே வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது மணிக்கட்டு தானாகச் சுண்டும். எதிர்க்காற்று இருந்தால் ஒரு குத்துத் துறைமுகத் தண்ணீர், அதிலுள்ள சகலத்தோடும், பறந்து போய் ஓரகத்தியின் முதுகில் விழும். "உதறாத! அது என்ன போர்வையா!" என்று டயர்க்கடைக்காரி கத்துவாள். விட முயன்றேன். ரொம்ப முயன்றேன் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் என்மேல் விழுந்த பெரிய பழி அது இல்லை. "ரெண்டாவது லேட்டு!" தினமும் இதே பாட்டு. என் துடுப்பு மற்றவர்களுக்குப் பின்னால் இறங்கியது. டாக்டரின் துடுப்பும் என் துடுப்பும் மோதிக்கொள்ளும், டிரைவரின் முணுமுணுப்பு காதில் விழும்படியாகவே வரும். நான் கண்ணைக் கொட்டாமல் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிகிறது. அப்புறம் கீலில் திரும்புகிற கதவு மாதிரி இடுப்பிலிருந்து எழ வேண்டும். இந்த முதுகு அப்படி எழவில்லை. முதலில் முழு முதுகும் குனிந்த நிலையிலேயே என்னை நோக்கி நான்கு விரல் அளவு வரும். ஒரு கணம் நிற்கும். அப்புறம்தான் சாயும். முதல் அசைவோடு போனால் அவசரம், இரண்டாவதோடு போனால் தாமதம். எதிரே உட்கார்ந்திருக்கும் டயர்க்கடைக்காரிக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். குறுக்கே இழுவைப் படகுகள் வந்துகொண்டே இருக்கும் துறைமுகத்தில் அவள் கண் எங்கள் தலைக்கு மேலே, போகிற வழியில் இருந்தது. போதாததற்கு ஓரகத்தி மடியில் எப்போதும் ஒரு துண்டைப் போட்டிருப்பாள். தொடை கறுத்துவிடுமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை படகைக் கரையேற்றிய கையோடு டயர்க்கடைக்காரி என்னை நிறுத்தினாள்.

"போட்டிக்குப் பேர் குடுக்கணும். சனிக்கிழமை காலையில சிவப்பு மிதவையிலேர்ந்து அலைத்தடுப்பு வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம். அன்னிக்கும் நீ லேட்டா வந்தேன்னா ஆளை மாத்திடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

மாற்று ஆள் ஏற்கெனவே கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஓரகத்தியின் ஜிம் சிநேகிதி. ஒரு பொட்டு அழுக்கில்லாத புதுக் காலணி.

"அக்காவுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்ல. பாவம், வேலைக்கும் போயிட்டு இதையும் எவ்வளவுதான் பண்ணுவாங்க" என்றாள் ஓரகத்தி, என்னைப் பார்க்காமல் அவளிடம்.

பாவமாம். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். அதையும் நான்தான் கழுவினேன்.

வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்து வாஷிங் மெஷினைத் திறந்தேன். பக்கத்தில் பொதுக் கூடை. மூடியைத் தூக்கியதும் அந்த நாற்றம் மேலே வந்தது. காறிய கொழுப்பு. என் தலையணை உறைக்கு மேல் அவளுடைய நைலான் டிராக் பேன்ட் சுருண்டு கிடந்தது. இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உட்காருகிற இடம் பூராவும் மஞ்சள்.

கறையைப் பார்ப்பது என் பிழைப்பு. படகில் தெரியாமல் கொழுப்பின்மேல் உட்கார்ந்திருந்தால் அது திட்டாக இருக்கும். இது திட்டு இல்லை. முன்னும் பின்னுமாக, நேர் நேராக, கோடு கோடாக இழுபட்டிருந்தது. கோடுகளுக்கு நடுவே மரத்தூள். அந்தத் துணி ஒரே தடத்தில் மறுபடி மறுபடி வழுக்கிப் போய் வந்திருக்கிறது.

கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதற்காகத்தானா டப்பாவில் கையை விட்டாய் மகராசி! துடுப்புக்குத் தடவுகிற சாக்கில் ஒரு கவளத்தைப் பலகையில் பூசி, அதன்மேல் நைலானோடு உட்கார்ந்து, ஜிம் மெஷினைப் போல நான்கு விரல் தூரம் சறுக்கிக்கொண்டிருக்கிறாள். மடியில் துண்டு எதற்கு என்பதும் விளங்கிவிட்டது. போட்டியில் பலகை அசையக் கூடாது, அதில் உட்காருகிறவளும் வழுக்கக் கூடாது. தெரிந்தால் எங்கள் படகையே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் சறுக்குவாள், நான் தாமதமாவேன், பலகை என் கையை விட்டுப் போகும். அத்தனையும் போதாதென்று அந்த நாற்றத்தைக் கொண்டுவந்து என் தலையணை உறைமேல் போட்டிருக்கிறாள். சீ என்றேன், வாய்விட்டே.

டயர்க்கடைக்காரியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஓரகத்தியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பாள். அப்புறம் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் முகம் கோணும், மாமியார் தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு படுப்பார், கடைசியில் போட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு நிலைக்கும். அது மட்டுமல்ல. நான் தாமதமில்லை என்பதை என் துடுப்பு சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி. அந்த பேன்ட்டை என் துணியோடு போடாமல் தனியாக, வாளியில், சோடா போட்டு அலசிக் கொடியில் மாட்டினேன். கறை சுத்தமாகப் போய்விட்டது. அவள் எடுத்து மடித்துக்கொண்டு போனாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே கொட்டகைக்குப் போனேன். பையில் ஒரு பொட்டலம் சலவைச் சோடா. முதல் பலகையில் தூவி, தண்ணீர் ஊற்றி, தேய்த்தேன். சாம்பல் நுரை பொங்கியது. அதில் ஈயின் இறக்கைகூட இருந்தது. வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி தேய்த்தேன். எத்தனை நாள் பூச்சோ, மரத்தின் உள்ளேவரை ஊறியிருந்தது. கொட்டகைச் சுவரில் படகின் அடியைச் சுரண்டுகிற கம்பித் தூரிகை தொங்கியது, அதை எடுத்துத் தேய்த்தேன். கொழுப்பு போய் மரம் வெளுத்துவிட்டது. சுத்தம் செய்வதற்கு அதோடு போதும். நான் அதற்கு மேலும் தேய்த்தேன். நார் நாராக எழுந்து நின்றது பலகை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சுருக்கென்று இருந்தது. திருப்தியாகவும் இருந்தது.

எல்லோரும் வந்தார்கள். புதுக் காலணிக்காரியும் வந்து கரையில் நின்றாள். ஓரகத்தி வழக்கம்போலக் கொழுப்பு டப்பாவிடம் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னிக்கு நான் தடவறேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா அந்தக் கஷ்டம்? எப்பவும் நான்தானே..."

"பரவாயில்ல. ஒரு நாளாவது நானும் பண்றேன்."

மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது கை. மேலே தோலாக உறைந்திருந்தது, கீழே வெதுவெதுப்பாக இருந்தது. விரல் இடுக்கில் ஏதோ நொறுங்கியது, ஈயாகத்தான் இருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நான்கு துடுப்புக்கும் தடவினேன். அப்புறமும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. படகு தண்ணீரில் இறங்கும்வரை கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நின்றேன். ஓரகத்தி என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காருவதற்கு முன் பலகையைக் கையால் தடவினாள். கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்தாள்.

சிவப்பு மிதவையைத் தாண்டியதும் டயர்க்கடைக்காரி "போடு!" என்றாள். ஓரகத்தி பழக்கப்படி காலை உதைத்தாள். நைலான் மரத்தில் பிடித்துக்கொண்டது. முதுகு பாதியில் நின்று வெட்டி இழுத்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எனக்கு எதைப் பார்த்துப் போவதென்றே தெரியவில்லை. என் துடுப்பு காற்றில் ஒரு தரம் வீசியது, டாக்டரின் துடுப்பு என்னுடையதில் இடித்தது. "ரெண்டாவது! ரெண்டாவது!" என்று டயர்க்கடைக்காரி தொண்டை கிழியக் கத்தினாள். நானே என் கையால் என் இடத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். பாதி தூரம் அப்படியேதான் போனோம்.

அப்புறம் அந்த முதுகு மாறியது. அவள் குனிந்தாள், துடுப்பு இறங்கியது, உடனே முழு முதுகும் ஒரு பலகைபோல நேராக இடுப்பிலிருந்து எழுந்தது. நிற்கவில்லை, வெட்டவில்லை. மச்சம் ஒரே வீச்சில் என்னை நோக்கி வந்து, தணிந்து, திரும்பிப் போனது. நான் அதோடு போனேன். கையை நீட்டி மறந்துவிட்டேன். காலை உதைத்தபோது என் பின்பக்கம் பலகையில் லேசாகிவிட்டது, என் பாரம் துடுப்பில் தொங்கியது. நான்கு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. மணிக்கட்டு சுண்டவில்லை, சுண்ட அதற்கு நேரமில்லை. படகின் அடியில் தண்ணீர் சலசலவென்று பேச ஆரம்பித்தது. அது முட்டவில்லை, ஓடியது. டாக்டரின் பெருமூச்சு நின்றுவிட்டது. டயர்க்கடைக்காரி வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தாள், நான் அறிந்து முதல் தடவையாக.

அலைத்தடுப்பின் நிழல் எங்கள்மேல் விழுந்தபோது டயர்க்கடைக்காரி மெதுவாக, தனக்குள் பேசுகிற மாதிரி, "வந்துடுச்சுடி" என்றாள்.

கரைக்கு வந்ததும் என் தோளில் ஒரு அறை விட்டாள். "ரெண்டாவது, அந்தப் பலகை உனக்குத்தான். ஏம்மா முதல் பலகை, இந்த முதுகை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்த? என்னமா தொங்கின!"

ஓரகத்தி சிரித்தாள். துண்டை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, மெதுவாகப் போனாள். சிநேகிதி பின்னாலேயே போனாள். படகை அலசுவதற்காக நான் குனிந்தேன். முதல் பலகையில் இரண்டு இடம் கறுத்திருந்தது. மற்றவர்கள் ஈரம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ரத்தம் தெரியும். யாரும் பார்ப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினேன். இன்னொரு வாளியும் ஊற்றினேன்.

வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாத மத்தியானம். நான் குளியலறைக் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எத்தனை சோப்பு போட்டாலும் கொழுப்பு நாற்றம் போகவில்லை. ஓரகத்தி கையில் அந்த பேன்ட்டோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, ரத்தக் கறை எப்படிப் போகும்?"

"பச்சைத் தண்ணியில ஊற வை. சுடுதண்ணி பட்டா அப்படியே பிடிச்சுக்கும்."

"கொழுப்புக் கறை?"

"அதுக்குச் சோடா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"சோடாதான். காலையில பலகையில வாசம் வந்துது. உங்க மேல எப்பவும் வர்ற வாசம்தானே."

குழாயை மூடினேன். இனி கூச்சல்தான் என்று காத்திருந்தேன். அவள் பேன்ட்டை வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"ஏன் டயர்க்கடைக்காரம்மாகிட்ட சொல்லல?" என்று நானே கேட்டேன்.

"நீங்க என்னைப் பத்திச் சொல்லலையே. நீங்க என் மேல தண்ணியை உதறறதைக்கூட நான் வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. திரும்பினப்போ வாயில போயிருக்கு ஒரு தடவை. வாந்தி எடுத்தேன்." முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. "இன்னிக்கு உக்கார முடியல அக்கா. எரிச்சல் தாங்காமதான் எழும்பினேன். எழும்பினா பாரம் பூராவும் துடுப்புக்குப் போயிடுச்சு. இதைத்தான் அவங்க தொங்கு தொங்குன்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. பின்னாடி நீங்க அப்படியே ஒட்டிக்கிட்டு வந்தீங்க. முதுகுலயே தெரிஞ்சுது எனக்கு."

"மருந்து போட்டியா?"

"கை எட்டல."

அவளுடைய அம்மா வேறு ஊரில். புருஷன் வேலையில். அலமாரியிலிருந்த மருந்து டியூபை எடுத்து வந்து கதவைத் தாழ் போட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உடையை விலக்கினாள். எத்தனையோ பார்த்தவள் நான், ஆனால் துணியில்தான் பார்த்திருக்கிறேன், உடம்பில் இல்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து நீர் கசிந்தது. நடுவில் கறுப்பாக மரநார்கள் ஏறியிருந்தன. நகத்தால் ஒன்றொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் மூச்சை இழுத்தாள். கொழுப்பு நாற்றம் அடிக்கும் என் விரல்தான் அதன்மேல் பட்டது. எனக்குக் குமட்டியது, யாரைப் பார்த்து என்று கேட்டால் அந்தக் கணத்தில் அவளைப் பார்த்து இல்லை.

"செவ்வாய்க்கிழமைக்கும் தேச்சு வச்சிடுங்க அக்கா" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "வழுக்கினா நான் மறுபடி சறுக்க ஆரம்பிச்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்."

"சீ, பேசாம நில்லு. சோடா மட்டும் போட்டுத் தேய்க்கறேன். இனிமே கம்பித் தூரிகையைத் தொட மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியது. கொழுப்பை எடுத்ததுவரைதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. பழைய மரம், காய்ந்தால் அப்படித்தான் குத்தும் என்று நினைத்திருப்பாள்.

"கம்பித் தூரிகையா?" என்று கேட்டாள்.

வாளி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்தது, இரண்டு பேரும் குழாயை மூடப் போகவில்லை. முன்னால் அந்த முதுகு. மச்சம். அதில் அந்த ஒற்றை முடி. அது குனியவும் இல்லை, சாயவும் இல்லை. அது எந்தப் பக்கம் அசையும் என்று பார்த்துக்கொண்டு, விரலில் பிதுக்கிய மருந்தோடு நான் நின்றேன்.